மான்ட்டியைக் காணோம்

"உங்க நாயைக் கூப்பிட்டுக் கயித்துலே மாட்டுங்க சார். மாட்டினதைப் பார்த்ததும் நான் என் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போறேன்" என்றான் ரேஞ்சர் ரோரி.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நோரிஸ் டக்வெல்லிடம் கயிறு இருந்தது. நாய்தான் இல்லை.

இன்றைக்கு மட்டும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் தம் ஆயுளில் நாயே வளர்த்தது கிடையாது. அவர் மனைவி ஆலிவுக்கு நாய் முடி பட்டால் தும்மல் நிற்காது. இப்போது ஆலிவ் இல்லை. தும்முவதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் அவருடைய கஷ்டமே.

"மேட்டுலே மாடுங்களை மேய விட்டிருக்கோம். வானம்பாடி வேற தரையிலே முட்டை வெச்சிருக்கு. இன்னிக்கு ஒரு நாயும் அவிழ்ந்து திரியக் கூடாது" என்றான் ரோரி. "உங்களைத்தான் தினம் பார்க்கிறேனே, மான்ட்டி மான்ட்டின்னு கூப்பிட்டுக்கிட்டே போவீங்க. கூப்பிடுங்க சார், நிக்கிறேன்."

நோரிஸ் கூப்பிட்டார். "மான்ட்டி!"

தூரத்தில் ஒரு பசு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போயிற்று.

இந்த வம்பு எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். கோர்ஸ்லி ஹீத் என்கிற இந்தப் புதர்க்காடு பர்மிங்ஹாம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பக்கம் பஸ் போகும் ரோடு, மறுபக்கம் கார் விற்கிற கடைகள். நடுவில் ஒரு பெரிய மேடு, மேடு முழுக்க மஞ்சள் பூத்த முட்புதர், சரிவில் பிர்ச்சும் ஓக்கும் அடர்ந்த காடு, காட்டுக்குள் ஒரு குளம். ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் அங்கேதான் நடக்கும்.

"அப்பா, சும்மா டிவி முன்னாலேயே உட்கார்ந்திருக்காதீங்க. வெளியே போங்க, நாலு பேர்கிட்டே பேசுங்க" என்று ஆஸ்திரேலியாவிலிருந்து மகள் போனில் விரட்டியதால்தான் நோரிஸும் அங்கே நடக்கப் போனார். நடந்தார். பேச மட்டும் யாரும் கிடைக்கவில்லை.

அந்த ஊர் ஜனங்களை ஒன்றும் சொல்வதற்கில்லை, தங்கமானவர்கள். ஆனால் பக்கத்து வீட்டில் பத்து வருஷம் குடியிருந்தாலும் மழையைப் பற்றி ஒரு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார்கள். பேச வேண்டுமென்றால் நடுவில் ஒரு நாய் வேண்டும். நாய் இருந்துவிட்டாலோ, அடேயப்பா, மூட்டுவலியிலிருந்து மருமகள் குணம் வரைக்கும் எல்லாம் வெளியே வந்துவிடும். அப்போதும் ஆளின் பேரைக் கேட்க மாட்டார்கள். நம் பக்கத்தில் 'கோபி அப்பா', 'கீதா அம்மா' என்று பிள்ளையை வைத்துக் கூப்பிடுவதில்லையா? அங்கே அந்த இடத்தில் நாய்.

நாய் இல்லாமல் தனியாக ஒரு கிழவர் காட்டுக்குள் நடந்தால் கதையே வேறு. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிற தாய்மார்கள் பாதை மாறிப் போவார்கள். நோரிஸ் அதைப் பார்த்து மனசு நொந்துபோனார். பாவம், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர். வாழ்நாளெல்லாம் பஸ் டிப்போவில் டயர் மாற்றியவர்.

ஒரு நாள் பாதையில் ஒரு நாய்க்கயிறு கிடந்தது. கீழே கிடப்பதை எடுத்து வேலிக் கம்பத்தில் மாட்டி வைப்பது அங்கே வழக்கம். தொலைத்தவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். நோரிஸும் அதை எடுத்துக்கொண்டு கம்பத்தைத் தேடி நடந்தார். எதிரே வந்த ஒரு பெண் அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"அருமையான காலை, இல்லே? உங்களோடது எங்கே?"

மாதக்கணக்கில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. எந்தக் கேள்வியுமே கேட்காத காலம் அது. நோரிஸின் கை தானாகப் புதர்ப்பக்கம் நீண்டது. "அதோ... அங்கே."

"பேரென்ன?"

"மான்ட்டி" என்றார். அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. கயிறு கம்பத்துக்குப் போகவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் 'மான்ட்டி அப்பா'. காட்டில் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பேசினார்கள். அப்படித்தான் பெப்பர் அம்மாவும் பழக்கமானார்.

சிவப்புக் கம்பளித் தொப்பி, சோடாபுட்டிக் கண்ணாடி, கையில் சுருட்டிய நீலக் கயிறு. "பெப்பர்! மெதுவா போ! வழுக்கும்!" என்று மரங்களுக்குள் குரல் கொடுத்துக்கொண்டே வருவார். "அதுக்கு அந்தக் குளம்னா உயிர். எத்தனை தரம் குளிப்பாட்டினாலும் புத்தி வராது" என்று நோரிஸிடம் அலுத்துக்கொள்வார். எங்கேயாவது நாய் குரைத்தால், "அதோ பாருங்க, வாலை!" என்று விரலை நீட்டுவார். நோரிஸ் அவசரமாக, "ஆமாமா, அழகு!" என்பார். அடுத்த கேள்வி மான்ட்டியைப் பற்றி வந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் வேறு எதையும் நிதானமாகப் பார்த்ததே இல்லை.

இரண்டு பேரும் சேர்ந்து நடப்பார்கள். வாசல் பக்கத்திலிருந்த மஞ்சித்தின் டீக்கடையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பெப்பர் அம்மா வாங்குவது பிஸ்கட், நோரிஸ் வாங்குவது கறி அடைத்த சாஸேஜ் ரோல் இரண்டு. ஒன்றை அங்கேயே தின்றுவிட்டு இன்னொன்றைக் கோட்டுப் பையில், கயிற்றோடு சேர்த்துத் திணித்துக்கொள்வார். அதுதான் ராச்சாப்பாடு. இப்போதெல்லாம் தினமும் முகச்சவரம் செய்துகொள்கிறார். அதற்குக் காரணம் மான்ட்டி அல்ல.

போன வாரம் பெப்பர் அம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நேத்துக் குளத்தோரம் உங்க மான்ட்டியும் எங்க பெப்பரும் சேர்ந்துக்கிட்டு என்ன ஆட்டம் போட்டுச்சுங்க தெரியுமா!"

நோரிஸ் வாயிலிருந்த டீ உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பிறகு அந்தக் கண்ணாடியின் தடிமனைப் பார்த்துச் சமாதானமானார். ஏதோ ஒரு ஊர்சுற்றி நாயைப் பார்த்திருப்பார், பாவம். ஒரு பெண்மணி பார்த்தேன் என்று சொன்னதை இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"அவனுக்குப் பெப்பர்னா போதும், சோறு தண்ணி வேண்டாம்" என்றார்.

இப்படிச் சீரும் சிறப்புமாக நடந்துகொண்டிருந்த குடித்தனத்தில்தான் இன்று ரோரி வந்து குறுக்கே நிற்கிறான். இந்தப் பொய் உடைந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள், போகட்டும். பெப்பர் அம்மா பேசாமல் போய்விடுவார். மறுபடி டிவி, மறுபடி சுவர்.

"வர மாட்டேங்கிறான். ஓடிட்டான் போலிருக்கு" என்றார். அதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தார்.

ரோரியின் முகம் மாறிவிட்டது. "ஓடிட்டானா? ஐயோ சார், மேலே கன்னு போட்ட மாடு நிக்குது! கன்னுப் பக்கம் நாய் போச்சுன்னா மிதிச்சே கொன்னுடும்!" இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்தான். "எல்லாரும் கேளுங்க, ஒரு நாயைக் காணோம். பேரு மான்ட்டி."

"வேண்டாம்ப்பா, அவனே வந்துடுவான். வழக்கமா அப்படித்தான்."

"நீங்க பதறாதீங்க சார். கண்டுபிடிக்காம நான் வீட்டுக்குப் போறதில்லை."

நல்லவனாக இருந்து தொலைத்தான்.

காட்டுப்பாதையில் சிவப்புத் தொப்பி தெரிந்தது. பெப்பர் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"மான்ட்டியைக் காணோமாமே! ஐயையோ, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. நீங்க பெப்பரைப் பாருங்க" என்றார் நோரிஸ்.

"மாடு இருக்குன்னு வாசல்லே போர்டைப் பார்த்ததுமே அதைக் காருலே விட்டுட்டேன். நிழல்லேதான், ஜன்னலும் திறந்திருக்கு. அது கிடக்கட்டும். முதல்லே மான்ட்டி!" அவர் குரல் நடுங்கியது. நோரிஸுக்கு அந்த நடுக்கம் தன் நெஞ்சில் குத்தியது போலிருந்தது.

அதற்குள் புரூனோ அப்பா வந்து சேர்ந்தார். தடி மீசை, வாசலில் பேசினால் குளம் வரை கேட்கும் தொண்டை. அவர் கையிலிருந்த கயிற்றின் நுனியில் புரூனோ, காது இரண்டும் தரையைப் பெருக்க, கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு வேட்டைநாய்.

"விவரம் சொல்லுங்க! நாய் எப்படி இருக்கும்?" என்றார் புரூனோ அப்பா.

"சின்னது, வெள்ளை" என்றான் ரோரி. "சார் என்கிட்டே அப்படித்தான் சொல்லியிருக்கார்."

"என்கிட்டே பெரிசு, பழுப்புன்னாரே?"

எல்லாரும் நோரிஸைப் பார்த்தார்கள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும் என்பார்கள். அவர் ஆளுக்கொன்றாகச் சொல்லி வைத்திருந்தார்.

"வெள்ளைதான்... சேத்துலே புரண்டா பழுப்பாயிடுவான்."

"அளவு?"

"தூரத்துலே பார்த்தா சின்னதாத்தானே தெரியும்."

புரூனோ அப்பாவின் மீசை சந்தேகமாகத் துடித்தது. அப்போது பெப்பர் அம்மா முன்னால் வந்தார்.

"இதோ பாருங்க, பிள்ளையைத் தொலைச்சுட்டுத் தவிக்கிற மனுஷனை இப்படியா குடைவீங்க? நான் சொல்றேன். வெள்ளை. முழங்கால் உயரம். ஒரு காது மட்டும் கறுப்பு. என் ரெண்டு கண்ணாலே பார்த்திருக்கேன்."

சொன்ன விதத்தில் நோரிஸுக்கே மான்ட்டி கண் முன்னால் வந்து நின்றது. "ஆமாம், இடது காது" என்று அவரும் ஒரு கை சேர்த்துக்கொண்டார்.

பத்து நிமிஷத்துக்குள் கோர்ஸ்லி ஹீத் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நாயை வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மேட்டின் மேலும் சரிவின் கீழுமாகப் பிரிந்து போனார்கள். எல்லாத் திசையிலிருந்தும் "மான்ட்டி! மான்ட்டி!" என்று குரல் கேட்டது. பேர் தெரியாத ஒரு கிழவி கைத்தடியால் முட்புதரை விலக்கி, "வாடா ராசா, அப்பா தேடறாரு" என்று கொஞ்சினாள்.

நோரிஸ் வெட்கத்தால் செத்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், மனசின் ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. ஆலிவ் போன பிறகு தனக்காக இத்தனை பேர் ஒரு காரியம் செய்து அவர் பார்த்ததில்லை. அது இல்லாத நாய்க்காக என்பதுதான் கொடுமை.

"கயித்தைக் கொடுங்க" என்றார் புரூனோ அப்பா.

"எதுக்கு?"

"மோப்பம் பிடிக்கத்தான். என் புரூனோவோட பாட்டன் போலீஸிலே இருந்தவன். மான்ட்டி வாசனை ஒரு தரம் ஏறிடுச்சுன்னா விடவே மாட்டான்."

மறுக்க வழியில்லை. நோரிஸ் பையிலிருந்து கயிற்றை எடுத்துக் கொடுத்தார். புரூனோ மூக்கை வைத்தான். கண்கள் விரிந்தன. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது.

"பார்த்தீங்களா! பிடிச்சுட்டான்!" என்று புரூனோ அப்பா கூவியதுதான் தெரியும். அடுத்த கணம் அவர் இருந்த இடத்தில் இல்லை. புரூனோ இழுத்த இழுப்பில் மேட்டைத் தாண்டி, சதுப்பில் முழங்கால் வரை இறங்கி ஏறி, முட்புதருக்கு நடுவே புகுந்து போனார். பின்னாலேயே ரோரியைத் தவிர மொத்தக் கூட்டமும் ஓடியது. ரோரி காட்டுப்பக்கம் தேடப் போயிருந்தான்.

புரூனோ நின்ற இடம் மஞ்சித்தின் டீக்கடை. முன்னங்கால் இரண்டையும் பலகையில் தூக்கி வைத்து, நாக்கைத் தொங்கவிட்டான்.

மஞ்சித் எட்டிப் பார்த்தாள். பஞ்சாபிலிருந்து சின்ன வயசில் வந்தவள். ஆண் பெண் கிழடு குஞ்சு எல்லாரும் அவளுக்குக் கண்ணுதான்.

"என்ன கண்ணு, ஊரே திரண்டு வந்திருக்கு? காலையிலே போட்ட சாஸேஜ் ரோல் தீர்ந்துடுச்சு, அடுத்தது இன்னும் அடுப்புலேதான் இருக்கு. கொஞ்சம் பொறுக்கணும்."

"மான்ட்டி இங்கே வந்திருக்கான்! என் புரூனோ பொய் சொல்ல மாட்டான்!" என்று மூச்சிரைத்தார் புரூனோ அப்பா. பேன்ட் தொடையிலிருந்து கணுக்கால் வரை கிழிந்து காற்றில் ஆடியது.

"நாய் ஒண்ணும் வரலையே கண்ணு. இவர்தான் தினம் வருவார், ரெண்டு ரோல் வாங்குவார். இன்னிக்குக் காலையிலேயும் வாங்கினார். ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு பைக்கு."

புரூனோ அப்பா நோரிஸின் கோட்டுப் பையைப் பார்த்தார். பை எண்ணெய் கசிந்து மினுங்கியது. இந்த யோசனையில் அவர் கை தளர்ந்த நேரம் பார்த்து, புரூனோ அந்தக் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு பெஞ்சுக்குக் கீழே போய்விட்டான். திரும்ப எடுத்தபோது பாதிக் கயிறு இருந்தது. கொக்கி இருந்த பாதி புரூனோவுக்குள் போய்விட்டது.

"அந்தக் கயிறு வேற போச்சா!" பெப்பர் அம்மா நோரிஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலைப்படாதீங்க. ராத்திரியானாலும் தேடுவோம். நான் உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன்."

ராத்திரி வரையா! நோரிஸுக்குத் தலை சுற்றியது. இதை இப்போதே முடிக்க வேண்டும். செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஹலோ? அப்படியா? நிஜமாவா? ரொம்ப நன்றி!" போனை இறக்கினார். "பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். மான்ட்டி தானாவே நடந்து வீட்டுக்குப் போயிட்டானாம்! வாசல்லே படுத்திருக்கானாம்!"

கூட்டம் கைதட்டியது. கைத்தடிக் கிழவி மூக்கைச் சிந்தினாள். புரூனோ அப்பாகூடப் பேன்ட்டை மறந்து, "கெட்டிக்கார நாய்" என்றார். நோரிஸ் பெருமூச்சு விட்டார். கிணறு தாண்டியாகிவிட்டது.

"கிடைச்சுட்டான்! கிடைச்சுட்டான்!"

காட்டுப்பக்கமிருந்து ரோரி ஓடிவந்தான். உடம்பெல்லாம் சேறு. இரண்டு கைகளிலும் அணைத்துத் தூக்கியிருந்தது ஒரு நாய். வெள்ளை நாய். முழங்கால் உயரம் இருக்கும். ஒரு காது கறுப்பு. அதுவும் இடது காது.

"குளத்தோரம் நின்னுக்கிட்டிருந்தான் சார். மான்ட்டின்னு கூப்பிட்டேன், வாலை ஆட்டிக்கிட்டு வந்துட்டான்!"

புரூனோ அப்பாதான் கேட்டார்.

"அப்போ உங்க வீட்டு வாசல்லே படுத்திருக்கிறது யாரு?"

நாய் ரோரியின் கையிலிருந்து துள்ளிக் குதித்து நேரே நோரிஸிடம் ஓடிவந்தது. கோட்டுப் பையில் மூக்கைத் திணித்தது. அவர் குனிந்ததும் முகத்தையும் நக்கிவைத்தது. "ஆஹா, அப்பாவைக் கண்டதும் எப்படிப் பாசம்!" என்றாள் கிழவி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்து வீட்டுக்காரர் கண் தெரியாதவர் என்று சமாளித்துவிடலாம். கதை சுபம். நாயும் கிடைக்கும், பெப்பர் அம்மாவும் நிலைப்பார். ஆசையாகத்தான் இருந்தது. அவர் நாயின் கழுத்தைத் தடவினார். ரோமத்துக்குள் ஒரு பழைய கழுத்துப்பட்டை தட்டுப்பட்டது. பேர் தகடு விழுந்துபோயிருந்தது, அது மாட்டியிருந்த வளையம் மட்டும் மிச்சம்.

யாரோ ஆசையாகப் போட்ட பட்டை. எங்கேயோ ஒருத்தர் இதன் நிஜப் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். இன்று காலையெல்லாம் அந்தக் குரல் எப்படியிருக்கும் என்று கேட்டுவிட்ட பிறகு நோரிஸால் முடியவில்லை.

"இவன் மான்ட்டி இல்லை" என்றார்.

"பின்னே மான்ட்டி எங்கே?" என்றான் ரோரி.

"எங்கேயும் இல்லை. எனக்கு நாயே கிடையாது. எப்பவுமே கிடையாது. கயிறு பாதையிலே கிடந்து எடுத்தது."

"அப்போ என் பேன்ட்டு?" என்றார் புரூனோ அப்பா.

"மன்னிச்சுக்கோங்க. நாய் இல்லாம நடந்தா இங்கே யாரும் பேச மாட்டேங்கிறீங்க. வீட்டிலேயும் பேச ஆளில்லை. அதான்... ஒரு பேரைச் சொல்லிட்டேன்."

புரூனோ அப்பா திட்டத்தான் நினைத்தார் போலும். கடைசியில் "ஹூம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிழிசலைக் கையால் பிடித்துக்கொண்டு புரூனோவோடு நடந்துவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். அந்த ஊரில் கோபம் வந்தால் கத்த மாட்டார்கள், மணியாயிற்று என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கிழவி மட்டும் போகிறபோது நோரிஸின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

பெப்பர் அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"நாயே இல்லையா?" என்றார். "நிஜமாவே?"

"இல்லை. நீங்க குளத்தோரம் பெப்பரோட விளையாடப் பார்த்தது இவனைத்தான். அன்னிக்கே சொல்லியிருக்கணும். தைரியம் வரலை."

"ஆமா... இவனைத்தான் பார்த்திருக்கேன்" என்றார் அவர், வாய்க்குள்ளே.

"எல்லார்கிட்டேயும் பொய் சொன்னது ஒரு பக்கம். உங்ககிட்டே சொன்னதுதான் எனக்குப் பொறுக்கலை. மனசுலே ஒண்ணு வெச்சு வெளியே ஒண்ணு பேசத் தெரியாதவங்க நீங்க. எனக்காக எத்தனை பேர் முன்னாலே சாட்சி சொன்னீங்க! உங்களைப் போல ஒருத்தர் முன்னாலே நிக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு."

பெப்பர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சரி, எல்லாம் முடிந்தது என்று நோரிஸ் நினைத்துக்கொண்டார். பையிலிருந்த ரோலை எடுத்துப் பிய்த்து நாய்க்குப் போட்டார். ராச்சாப்பாடு போனால் போகட்டும், இனி எதற்கு?

ரோரி தொண்டையைக் கனைத்தான். "சார், இவனை ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போகணும். உடம்புக்குள்ளே அடையாளச் சிப் இருந்தா சொந்தக்காரங்களைப் பிடிச்சிடலாம். இல்லேன்னா... அப்புறம் யாராவது வளர்க்கக் கேட்டா கொடுக்கலாம்." நோரிஸை ஓரக்கண்ணால் பார்த்தான். "இப்போ கூட்டிட்டுப் போகத்தான் கயிறு இல்லை. என்னோடது வண்டியிலே, வண்டி அந்தக் கோடி வாசல்லே. தூக்கிட்டுப் போனா மாட்டைப் பார்த்ததும் குதிச்சு ஓடிடுவான்."

நோரிஸின் கயிறு புரூனோவின் வயிற்றில் இருந்தது. ரோரி திரும்பினான்.

"பெப்பர் அம்மா, உங்க கயிறு சும்மாதானே இருக்கு? கொடுங்களேன்."

பெப்பர் அம்மா நீலக் கயிறு இருந்த கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "இதுவா? இது பெப்பரோடது. வேற நாய் வாசனை பட்டா அதுக்குப் பிடிக்காது."

"ஆபீஸ் வரைக்கும்தானே?"

"இல்லேப்பா, வேண்டாம். வேற ஏதாவது பாரு."

நோரிஸுக்கு மனசு உடைந்துபோயிற்று. இத்தனை நல்ல மனுஷி ஒரு கயிறு கொடுக்க மாட்டேன் என்கிறார் என்றால், தன் மேல் எவ்வளவு வெறுப்பு இருக்க வேண்டும்! "என் மேலே இருக்கிற கோவத்தை இந்த வாயில்லாப் பிராணி மேலே காட்டாதீங்க. இது என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார்.

"உங்க மேலே எனக்குக் கோவமா?" என்றார் பெப்பர் அம்மா. கண் கலங்கிவிட்டது. நாயைப் பார்த்தார். அது அவர் காலடியில் வந்து உட்கார்ந்து, கறுப்புக் காதைச் சொறிந்துகொண்டது. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை மெல்ல எடுத்தார். சுருட்டிய கயிற்றைப் பிரிக்காமலே டீக்கடைப் பலகையில் வைத்துவிட்டு, காட்டுப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கொடு கண்ணு, நான் மாட்டறேன். உனக்குக் கை முழுக்கச் சேறு" என்று ரோரியை விலக்கிவிட்டு மஞ்சித் வெளியே வந்தாள். நாயின் கழுத்துப்பட்டையை ஒரு கையால் பிடித்தாள். மறுகையால் கயிற்றை உதறிக் கொக்கியை அழுத்தினாள். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். தன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கொக்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு, கடையிலே கொக்கியைச் சுத்திப் போட்ட பிளாஸ்டிக் நாரையே இன்னும் அறுக்கலையே, இத்தனை காலமா பெப்பரை எதிலே கட்டிக் கூட்டிட்டு வந்தீங்க?"